பட்டினி போடத் தெரியாத வீடு

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் யாரையும் பட்டினி போடத் தெரியாது. கேட்பதற்கு நல்ல குணமாகத்தான் இருக்கும். கால்நடை மருத்துவனான என் மானத்தை வாங்கியதும் அதே குணம்தான்.

எங்களைப் போன்ற கால்நடை மருத்துவர்களுக்குக் கருவூட்டல் பயிற்சி கொடுக்கப் பனிமலையிலிருந்து டோல்மா மேடம் தஞ்சாவூருக்கு வந்திருந்தார். அவர் ஊரில் குளிர்காலம் வந்தால் வளர்ப்புச் செம்மறிகள் கொத்துக் கொத்தாகச் செத்துப்போகும். அதே பனியில், செங்குத்துப் பாறை மேல், காட்டுச் செம்மறிக் கிடா மைனர் மாதிரி சாவகாசமாக நிற்கும். இரண்டையும் கலந்தால் குளிர் தாங்கும் குட்டி பிறக்குமே என்று கிளம்பியவர் அவர். காட்டுக் கிடா கூப்பிட்டால் வந்துவிடுமா? மயக்க ஊசி போட்டு அதன் விந்தை எடுத்து உறையவைத்து, பெட்டை ஆட்டின் வயிற்றில் சின்னத் துளை போட்டு, குழாய் கேமராவில் பார்த்தபடியே கருப்பைக்குள் செலுத்துகிறார். அந்தக் கைவேகத்தை வீடியோவில் பார்த்து வாயைப் பிளந்தேன். (வாய்க்குள் கொசு போனதுகூடத் தெரியவில்லை.)

பயிற்சி முடிவில் எங்களில் ஒருவரைத் தன் குழுவுக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார். எனக்குப் போயே ஆகவேண்டும். ஆசை தலைக்கேறி, "செய்முறைத் தேர்வை எங்க வீட்லயே வச்சுக்கலாம் மேடம், ஆடெல்லாம் நிக்குது" என்று அளந்துவிட்டேன். வீடு ஒரத்தநாடு பக்கம். ஒத்திகைதானே, உள்ளூர்க் கிடாவின் விந்தே போதும் என்றார்.

ஒரே நிபந்தனை: முதல் நாள் மதியத்திலிருந்து ஆட்டுக்குத் தீனி, தண்ணீர் எதுவும் கூடாது. வயிறு நிறைந்திருந்தால் கருப்பை தெரியாது. சாய்க்கும்போது தின்றது மேலே ஏறி மூச்சுக்குழலில் போனால் ஆடே போய்விடும். வீட்டில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொன்னேன்.

"வாயில்லா ஜீவன்டா," என்றார் அம்மா.

"அம்மா, இது சயின்ஸ்!" என்று கத்தினேன்.

மறுநாள் காலை ஆட்டைச் சாய்வுக் கட்டிலில் மல்லாத்தினோம். துளை போட நான் குனிந்ததுதான் தாமதம், ஆடு ஒரு செருமு செருமிப் பச்சைக் குழம்பாக என் முகத்திலேயே கக்கியது. நான் "ஐயய்யோ" என்று நின்றேன். மேடம் என்னைத் தள்ளிவிட்டு, ஆட்டைப் புரட்டித் தலையைத் தாழ்த்தி, வாயை விரலால் வழித்துவிட்டு, மூச்சு சீராகும்வரை கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். என்ன மனுஷி! ஆடு பிழைத்தது. என் பனிமலை அன்றோடு சரி என்று நினைத்தேன்.

"யாரு தீனி போட்டது?" என்று வீடு அதிரக் கத்தினேன்.

"ஒரு வாய் வடிகஞ்சிதான்டா," என்றார் அம்மா.

"கடலைக்கொடி கொஞ்சம்... கத்துச்சு, மனசு கேக்கல," என்றார் அப்பா.

என் மனைவி செல்வி இடுப்பில் கைவைத்தாள். "நான் வெறும் வாழைப்பழத் தோல்தாங்க போட்டேன். நீங்கதான் சாயங்காலம் அகத்திக்கீரைக் கட்டை அப்படியே நீட்டுனீங்க!"

(ஒரு கட்டு என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். எல்லோரும் அதையேதான் நினைத்திருக்கிறோம்.)

கூடப் பயிற்சிக்கு வந்த யாரோ இதை மொழிபெயர்த்துச் சொல்ல, மேடம் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: "ஆபரேஷன் பக்கம் நீங்க தலைவச்சும் படுக்கக் கூடாது. ஆனா எங்க கலப்புக்குட்டிங்க பொறந்த உடனே பால் குடிக்கத் தெம்பில்லாம கிடக்கும். அதுங்க கத்துனா சும்மா இருக்க முடியாத ஆள் எனக்கு வேணும். கிளம்புங்க."

போனேன். சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிப் பால் புகட்டிய முதல் கலப்புக்குட்டி, தள்ளாடி எழுந்து நேராகப் பாறையை நோக்கி நடந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். மேடமும் அழுதார்.

இன்றும் வீட்டில் யாருக்காவது வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்றால், செல்வி முதலில் என்னை வெளியே துரத்திவிடுவாள். போன மாதம் கொஞ்சம் அசந்துவிட்டாள். அப்பாவுக்குச் சர்க்கரை எகிறியிருந்தது. சத்தியமாக நான் கொடுத்தது அரை இட்லிதான். மீதியை யார் கொடுத்தது என்று விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.