கேப்டன் சுமந்த மூட்டை

“வழி தெரியலைன்னா நாயை முன்னால விடு. இல்லன்னா…” என்று வெற்றிச்செல்வனின் அப்பா சொல்வார். மீதிப் பாதி அவனுக்கு மறந்துவிட்டது. ஆனால் கனடாவிலிருந்து வாங்கிவந்திருந்த கையேடும் முன்பாதியைத்தான் சொன்னது. நாயோடு மலையேறிக் கூடாரம் அடிப்பவர்களுக்கான புத்தகம். வழவழ தாள். முழங்கை நீளம்.

வரும் ஞாயிறு மலையில் கூடாரம் என்று திண்டிவனத்து வீட்டுக் கூடத்தில் நின்று அறிவித்தான். அதே ஞாயிறுதான் தங்கை பானுப்ரியா வல்லத்தில் தன் மகளுக்குக் காது குத்துகிறாள். பத்திரிகையில் தாய்மாமன் பெயரை எறும்பு சைஸில் அச்சடித்த மாப்பிள்ளை இனியவனின் புதுவீட்டு வாசலை மிதிப்பதில்லை என்பது அவன் சபதம்.

“தாய்மாமன் மடி இல்லாம எப்படிங்க காது குத்துவாங்க?” என்றாள் மனைவி தமிழ்ச்செல்வி.

“பூதக்கண்ணாடி வச்சி என் பேரைத் தேடட்டும். மடியும் அங்கயே கெடைக்கும்.”

“சரி, போய்ட்டு வாங்க.”

திடுக்கிட்டான். இத்தனை வருட இல்லறத்தில் ‘சரி’ இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை.

“நாயோட மூட்டைய நாயே தூக்கணுமாமே, ஒங்க புக்குல?”

“ஆமா. அதுக்குன்னே பை இருக்குது.”

“நானே கட்டித் தர்றேன். மலை ஏறி முடிக்காம பிரிக்காதீங்க. கேப்பைக் களி, காத்து பட்டா காஞ்சிபூடும்.”

கேப்டன், அவன் வெளிநாட்டில் இருந்தபோது அவள் எங்கிருந்தோ கூடையில் தூக்கிவந்து வளர்த்த நாட்டு நாய். மலையையும் அவளே சொன்னாள். காரையும் அவளே பேசினாள். ஞாயிறு காலை டிரைவர் சேட்டு அவனையும் நாயையும் செஞ்சிப் பக்கம் ஒரு பாறைக்குன்றின் அடியில் இறக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே போனார்.

பாதை இரண்டாகப் பிரிந்தது. கையேட்டின்படி கயிற்றைத் தளர்த்தினான். கேப்டன் மலையைத் திரும்பியும் பார்க்கவில்லை. மல்லாட்டைக் கொல்லைக்குள் கடலைச்செடிகளை மிதித்து அவனை இழுத்துக்கொண்டு பறந்தது. ஒரு ஷூ வரப்போடு போயிற்று. கூடாரம் வேலிமுள்ளோடு போயிற்று. கடைசியில் ஒரு புதுவீட்டுப் பந்தலுக்குள் புகுந்து, கிழட்டுப் பெட்டை நாய் ஒன்றை உரசிக்கொண்டு படுத்தது.

பந்தலில் பட்டுப்புடவையோடு தமிழ்ச்செல்வி.

“வாங்க. நேரம் போய்க்கினே இருக்குது.”

“நாய் ஏன் இங்க…”

“அதுக்குப் பொறந்த வூடு இந்த வல்லந்தாங்க, நம்ம பானுவோட நாய் போட்ட குட்டி. அம்மாவப் பாக்க அப்பப்ப நான்தான் இட்டாந்துக்கினு இருக்கேன்.”

நாயின் பையைப் பிரித்தாள். களி இல்லை. அவனுடைய பட்டு வேட்டி, சட்டை. அடியில் சிவப்பு டப்பாவில் ஒரு ஜோடி குட்டிக் கம்மல்.

“மாமன் சீர் மாமனோடதான வரணும்? அதான் ஒங்களோடயே அனுப்பினேன்.”

அவன் டப்பாவைப் பார்த்தான். நாயைப் பார்த்தான். நாய் வேறு பக்கம் பார்த்தது.

“மாமா சொல்வாரே, வழி தெரியலைன்னா நாயை முன்னால விடு, இல்லன்னா பொண்டாட்டிய விடுன்னு. நான் ரெண்டையும் உட்டுட்டேன்.”

மொட்டையடித்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பானுப்ரியா வந்தாள். கண் கலங்கியிருந்தது.

“பேனர்ல ஒன் பேரைத்தான் பெருசா போட்ருக்குது. பாத்தியாண்ணா?”

வெற்றிச்செல்வன் வேட்டியைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டான்.