மஞ்சள்நூல் சாமியாரின் தீர்ப்பு

அறுபத்தெட்டாம் ஆண்டு ஆடி மாதம் பெரிய காஞ்சிபுரத்தில் கோயில்களைக் காட்டிலும் மிகுந்த கூட்டம் ஓரிடத்தில் கூடியது. அது மஞ்சள்நூல் சாமியாரின் ஆசிரமம். அவருக்குச் சடாமுடி உண்டு, இடிக்குரல் உண்டு, அருள் நிரம்பிய வயிறும் உண்டு.

வயதுக்கு வந்த பெண் மேலே படிக்கலாமா, கூடாதா என்பதை அவர் அம்மனிடமே கேட்டுச் சொல்வார். பெண்ணின் மணிக்கட்டில் மஞ்சள் பூசிய நூலைக் கட்டித் தீர்த்தம் தெளிப்பார். நூல் சிவந்தால் அம்மனுக்குச் சினம். பெண் பள்ளியை விட வேண்டும். பெற்றோர் பரிகாரமாகப் பட்டுப் புடவை சாத்த வேண்டும். பள்ளிக்குச் செல்லும் பெண்கள் அனைவருக்கும் நூல் சிவந்தது. படிப்பை விட்டவர்களுக்கோ வேறொரு செம்பிலிருந்து தீர்த்தம். நூல் மஞ்சளாகவே இருந்தது. ஓர் அம்மனுக்கு எதற்கு இரண்டு செம்பு என்று கேட்பாரில்லை.

இத்தனைக்கும் பட்டு நூலைச் சலவைச் சோடாவில் வேகவைத்து, நாள்தோறும் சாயத்தோடு புழங்கும் ஊர் அது. அறிவை மட்டும் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு உள்ளே சென்றார்கள்.

நெசவாளர் ஆதிகேசவனின் மகள் கிருஷ்ணவேணி, ஒன்பதாம் வகுப்பில் முதல் மாணவி. அவளுக்கும் நூல் சிவந்தது.

"இனிமே ஸ்கூலு வாணாம்மா. வூட்ல தறிக்கு நூல் தார் சுத்திக்கினு இரு," என்றார் தந்தை.

"ஏம்பா, நான் அல்ஜீப்ரா போடறது அம்மனுக்குப் புடிக்கலையா?"

"எதுத்துப் பேசாத! சாமி குத்தம் ஆயிடும்."

செய்தியறிந்து அறிவியல் ஆசிரியை மரியம்மாள் வந்தார்.

"டீச்சர், அந்தத் தீர்த்தம் கையில பட்டா சோப்புத் தண்ணி மாதிரி வழவழன்னு இருக்குது," என்றாள் கிருஷ்ணவேணி.

"அப்படியா? நீயே சோதிச்சுப் பாரு. நாங்கல்லாம் கூட நிக்கறோம்."

சொன்னபடியே நின்றார்கள். வெள்ளிக்கிழமை ஆதிகேசவன் பரிகாரப் புடவையுடன் ஆசிரமத்துக்குச் சென்றபோது, அவருக்குப் பின்னால் மகள், ஆசிரியை, வகுப்புத் தோழிகள், தெருவிலுள்ள தாய்மார்கள் என ஒரு படையே சென்றது.

கிருஷ்ணவேணி முன்னே வந்தாள். "சாமி, உங்க கையிலயும் மஞ்ச நூலு இருக்குதே. எனக்குத் தெளிச்ச தண்ணிய அதும்மேல ஊத்துங்க."

"அபசாரம்! நான் அம்மனின் பிள்ளை!"

"பெத்த புள்ளைய அம்மா கோவிச்சுக்கவா போறா?" என்ற அவள் தாய் காந்தா, மகளுக்குத் தெளித்த அதே செம்பை எடுத்துச் சாமியாரின் கையில் கவிழ்த்தே விட்டாள்.

நூல் செக்கச்செவேலென்று சிவந்தது.

"அடப்பாவமே! சாமி எந்த ஸ்கூல்ல படிக்குதுமா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பூவம்மாள். கூரை அதிரச் சிரித்தார்கள்.

கிருஷ்ணவேணி சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி, அதே நூலில் பிழிந்தாள். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது.

"சாமி டி.சி. வாங்கிட்டாருடி!" என்று கூவினாள் ஒரு தோழி.

"சோடா பட்டா மஞ்சள் செவக்கும், புளிப்பு பட்டா திரும்பிடும். இதுல அம்மன் எங்கப்பா வந்தா?" என்றாள் கிருஷ்ணவேணி.

சாமியார் புடவை மூட்டையோடு புறக்கடைப் பக்கம் நழுவினார். அங்கேயும் தாய்மார்கள் நின்றிருந்தார்கள். மூட்டையை விட்டுவிட்டே அவர் ஊரைக் கடக்க நேர்ந்தது.

ஆதிகேசவன் புடவையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "திங்கக்கிழமை ஸ்கூலுக்குக் கெளம்புமா. தார நானே சுத்திக்கிறேன்."

திங்களன்று அவளோடு, நூல் சிவந்ததால் வீட்டில் முடக்கப்பட்டிருந்த பெண்களும் பள்ளிக்குள் நுழைந்தனர்.

பெரியோர்களே! பெண்ணின் கையிலுள்ள புத்தகத்தைப் பறிக்க எவன் வந்தாலும், முதலில் அவன் கையில் அந்த நூலைக் கட்டிப் பாருங்கள். அதற்கும் அம்மன் உத்தரவு வேண்டுமென்று காத்திருப்பீர்களாயின், அடுத்த சாமியார் இந்நேரம் செம்பு துலக்கிக்கொண்டிருக்கிறார்.