ரேடியோ சொன்னால் அதுதான் சட்டம்

அன்று காலை கே.கே. நகர் வீட்டுக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது; பிற்பாடு எவரும் நழுவ முடியாது. வீட்டுக்காரர் மாதவன், கணக்கதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஆனந்தவள்ளி. உப்பிலியபுரத்திலிருந்து முந்தின நாளே வந்து இறங்கிய மாமியார் மாரியாயி. பேப்பர் இரவல் வாங்க வந்த பக்கத்து வீட்டு மன்சூர். இவர்களுக்கு நடுவே, டீப்பாயில் விரித்த வெள்ளைத் துண்டின் மேல், ரேடியோ.

அது சாதாரண ரேடியோ அன்று. ஆபத்துக் காலத்துக்கென்றே ஆன்லைனில் வரவழைத்தது. கரண்ட் வேண்டாம், செல்போன் கோபுரம் வேண்டாம். பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் பேசும். தலையில் டார்ச், முதுகில் சோலார் தகடு, வயிற்றில் அபாயச் சங்கு. காவிரி கே.கே. நகர்வரை வர வேண்டுமானால், அதற்கு முன் மலைமேல் இருக்கும் உச்சிப்பிள்ளையாரே நீச்சல் பழகியிருக்க வேண்டும் என்பது மாதவனுக்குத் தெரியாததன்று. அவர் வெள்ளத்துக்கு அஞ்சி அதை வாங்கவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு அஞ்சி வாங்கினார்.

கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு பதினெட்டாம் பெருக்கும் அவருக்கு ஒரே மாதிரிதான் விடிந்தது. மாமியாரையும் மனைவியையும் தூக்குச்சட்டிகளையும் காரில் ஏற்றி ஸ்ரீரங்கம் அம்மாமண்டபத்தில் இறக்க வேண்டியவர் அவர். ஆற்றங்கரைத் தெருவிலிருந்து மைத்துனன் ஜெயக்குமாரும் குடும்பத்தோடு வந்து சேர்ந்துகொள்வான். எல்லாரும் படித்துறையில் காவிரியைக் கும்பிட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, வகைவகையாய்ச் சித்திரான்னம் சாப்பிடுவார்கள். நிறுத்த இடமில்லாமல் காரை வீதி வீதியாகச் சுற்ற வேண்டியவரும் அவரே. கடைசியில் ஆறிப்போன புளியோதரைப் பொட்டலம் ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே வரும். அதை ஸ்டியரிங் மேல் வைத்துத் தின்ன வேண்டும்.

இந்த ஆண்டு அது நடக்காது. வீடு காலி, மின்விசிறி முழு வேகம், சாய்வு நாற்காலியில் தாம் மட்டும். இந்த ஒரு நாளுக்காக மாதவன் எதையும் கொடுக்கச் சித்தமாக இருந்தார். மேட்டூர் அணை நிரம்பியது என்ற செய்தி வந்ததும் அலமாரியிலிருந்து ரேடியோ இறங்கியது; பெருக்கன்று காலை டீப்பாய்க்கு வந்தது.

“ஆனந்தி, வெள்ள அபாயம். அறிவிப்பு எப்ப வேணா வரும். ஒருத்தர் வீட்டுல ரேடியோகிட்டயே இருந்தாகணும்.”

“யாருங்க அந்த ஒருத்தர்?”

“பொறுப்புள்ளவங்க.”

“அப்ப நான்தான் இருக்கணும்.”

மாதவன் ரேடியோவைத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார். “உனக்கு இந்த மிஷினை ஓட்டத் தெரியாது.”

“காப்பிக்கொட்டை அரைக்கிறது மாதிரிதானே இருக்கு? சுத்தினா போச்சு.”

“இது விஞ்ஞானம்!”

மன்சூர் பேப்பரை மடித்தார். “அண்ணே, நம்ம தெருவுக்குத் தண்ணி லாரியே வர மாட்டேங்குது. வெள்ளம் எப்படிண்ணே வரும்?”

“தம்பி, பேப்பர் வாங்கத்தானே வந்தீங்க? வாங்கியாச்சில்ல?”

மன்சூர் போகவில்லை. இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“சரிங்க,” என்றாள் ஆனந்தவள்ளி. “நீங்க இருங்க. நானும் அம்மாவும் ஆட்டோல போயிட்டு வரோம்.”

ஒரு கோட்டை இத்தனை எளிதில் விழுந்தால், உள்ளிருந்து யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பொருள். மாதவனுக்கு அது தோன்றவில்லை. அடுப்படியில் கல்யாண அண்டாவில் புளிக்காய்ச்சல் கொதிப்பதைப் பார்த்தபோதும் தோன்றவில்லை.

“ஆனா ஒண்ணு,” என்று அவள் தொடர்ந்தாள். “அப்புறம் பேச்சு மாறக் கூடாது. ரேடியோ என்ன சொன்னாலும் இந்த வீட்டுல எல்லாருக்கும் அதுதான் சட்டம். உங்களுக்கும் சேர்த்துத்தான்.”

“நானே அதைத்தான் சொல்ல வந்தேன்!”

“அம்மா, கேட்டுக்க. மன்சூர் தம்பி, நீங்களும்.”

“கேட்டேன்க்கா. அண்ணன் வாயாலயே சொன்னாரு.”

சங்கு ஊதிப் பார்த்தே பேட்டரியைத் தீர்த்திருந்த மாதவன், சட்டைக் கையை மடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினார். ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டு பேசியது.

‘காவிரியில் நீர்வரத்து அதிகரித்துள்ளதால், அம்மாமண்டபம் படித்துறையில் இறங்க அனுமதி இல்லை. பொதுமக்கள் தங்கள் வீடுகளிலேயே வழிபாடு செய்துகொள்ளுமாறு...’

“பாத்தியா!” மாதவன் எழுந்தே நின்றுவிட்டார். “நான் சொன்னேனா இல்லியா? ஆத்துக்கு யாரும் போகக் கூடாது! ஒருத்தரும்...”

அந்த இடத்தில் அவர் வெற்றி நின்றது. ஒருத்தரும் போகாவிட்டால் வீடு எப்படிக் காலியாகும்?

“ஆத்துக்குத்தான் கூடாது,” என்று குரலைத் தணித்தார். “சமயபுரம் வேணா போயிட்டு வாங்களேன்.”

“வீட்டுலயேன்னு சொல்லுதுங்க. சட்டம்.”

கை மட்டும் பழக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ரேடியோ விடவில்லை. ‘மேலும், கரையோரத் தாழ்வான பகுதிகளில் வசிப்போர், மேட்டுப் பகுதிகளில் உள்ள தங்கள் உறவினர் இல்...’

மாதவன் கையை எடுத்தார். ரேடியோ முனகி அடங்கியது. ‘வீடு சின்னது’ என்ற ஒரே வாக்கியத்தை வைத்து, மைத்துனன் குடும்பம் ஓர் இரவுகூடத் தங்காமல் இத்தனை ஆண்டுகள் காத்து வந்தவர் அவர்.

“கை வலிக்குது. முக்கியமானதெல்லாம் கேட்டாச்சு.”

அதுவரை வாய் திறவாதிருந்த மாரியாயி, வெற்றிலைப் பெட்டியை நகர்த்திவிட்டு ரேடியோவை மடியில் இழுத்துக்கொண்டார். திருகையில் கேழ்வரகு திரித்துப் பழகிய கை அது. ஒரு சுற்றுக்கே ரேடியோ கூடம் அதிர முழங்கியது.

‘...இல்லங்களுக்குச் சென்று தங்குமாறும், வெள்ளம் வடியும்வரை உறவினர்கள் அவர்களுக்கு வேண்டிய உதவிகளைச் செய்யுமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’

“இன்னும் ஏதாச்சும் சொல்லுதான்னு பாப்போமா மாப்பிள்ளை?”

“போதும் அத்தை!”

வாசல் மணி அடித்தது. தலையில் படுக்கைச் சுருட்டும் கக்கத்தில் மிக்ஸியுமாக ஜெயக்குமார் நின்றான். பின்னால் அவன் மனைவி ஜோதி, பிள்ளைகள், பெட்டிகள்.

“மாமா! நேத்தே எங்க தெருவுல மைக் வச்சுச் சொல்லிட்டாங்க, சொந்தக்காரங்க வீட்டுக்குக் கிளம்புங்கன்னு. அக்காதான், ‘காலையில நியூஸ் முடியட்டும், அப்புறம் உள்ள வா’ன்னுச்சு. அதான் முனை டீக்கடையிலயே உக்காந்திருந்தோம்.”

மாதவன் மனைவியைப் பார்த்தார். அவள் அதற்குள் அடுப்படிக்குப் போய் அண்டாச் சோற்றைப் பதமாகக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“வீடு சின்ன...” என்று தொடங்கினார்.

“சட்டம்ணே,” என்றார் மன்சூர்.

ஜெயக்குமார் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் காலை நீட்டினான். “அப்பாடா! மாமா, ஜோதியோட அப்பா அம்மா இன்னும் அங்கதான் இருக்காங்க. ஆட்டோன்னா ஏற மாட்டாங்களாம், சம்பந்தி வீட்டுக் கார் வரணுமாம். அம்மாமண்டபம் ரோட்டுல நிறுத்த இடம் கிடைக்காது. நீங்க பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருங்க, அவங்க மெதுவா வந்து ஏறிக்குவாங்க.”

ஆனந்தவள்ளி அடுப்படியிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்து கணவர் கையில் வைத்தாள்.

“புளியோதரைங்க. சூடாத்தான் கட்டியிருக்கேன், நீங்க சாப்பிடறதுக்குள்ள ஆறிடும்.”

மாதவன் ஆணியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.