உடன் வருபவர்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். கடிதம் என்றால் இப்படித் தொடங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள் மச்சான், நிஜமாகவே நலம். அங்கே தங்கள் மூட்டுவலியும் மருமகளின் நர்ஸ் வேலையும் சீராகப் போய்க்கொண்டிருக்கும் என நம்புகிறேன்.

நிற்க. போன வாரம் தொலைபேசியில், "அவள எங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க மாப்பிள்ள, உங்களால தனியா சமாளிக்க முடியாது" என்றீர்கள். பக்கவாதத்தில் அவளுக்கு வலது பக்கம் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் ஒரு நாளாவது நான் அவளுக்குத் தலை வாரிவிடாமல் இருந்திருக்கிறேனா? வகிடு கொஞ்சம் கோணலாக இருக்கும், அது வேறு விஷயம். என்னால் முடியும் என்று உங்களுக்குக் காட்டுவதற்காகவே சனிக்கிழமை அவளை வனக் கல்வி நிலையத்துக்கு அழைத்துப் போனேன். காட்டுக்குள்ளேயே பலகைப் பாதை போட்டு, சக்கர நாற்காலியில் வருகிறவர், கண் தெரியாதவர், காது கேளாதவர் எல்லாரும் சுற்றிப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். நல்ல இடம்தான். குறை சொல்லக்கூடாது. ஆனாலும் சொல்கிறேன்.

முதல் கோளாறு வாசலிலேயே. ஒரு படிவம் கொடுத்தார்கள். முப்பத்தேழு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தினவன் நான், இப்படியொரு படிவத்தைப் பார்த்ததில்லை. எறும்பு சைஸில் எழுத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கோடுகள். ஒரு கட்டத்தில் 'உதவி தேவைப்படுபவர்', அடுத்த கட்டத்தில் 'உடன் வருபவர்' என்று இருந்திருக்கிறது. நான் ராஜா மாதிரி முதல் கட்டத்தில் என் பெயரை எழுதி, அடுத்ததில் அவள் பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வழிகாட்டிப் பெண் ஒருத்தி வந்து, "வாங்க ஐயா, என் முழங்கையைப் பிடிச்சுக்குங்க" என்றாள். "எதுக்கும்மா?" என்றேன். "பயப்படாதீங்க, எங்கேயும் படி கிடையாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, உங்கள் தங்கையிடம் திரும்பி, "நீங்கதானே இவருக்குத் துணை?" என்று கேட்கிறாள், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து! உங்கள் தங்கை கண் இமைக்கவில்லை. "ஆமாம்மா, பார்த்துக் கூட்டிட்டுப் போ. கொஞ்சம் முன்கோபி, மத்தபடி தொந்தரவு கிடையாது" என்றாள். "ஏய், சொல்லேன் அந்தப் பொண்ணுகிட்ட!" என்றேன். "சும்மா பிடிச்சுட்டு வாங்க, நல்லாத்தான் இருக்கு" என்று சிரிக்கிறாள். நாற்காலியைத் தள்ள நிலையத்து ஆள் ஒருவர் வந்தார். என் நிலைமையைப் பாருங்கள்.

உள்ளே போனால் அறிவிப்புகளில் பலகைக்குப் பலகை பிழை. மெய்யெழுத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளிகளை எல்லாம் கீழே கொண்டுபோய் வரிசையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. "ஐயையோ, சுரண்டாதீங்க ஐயா, அது விரலால படிக்கிற எழுத்து" என்று அந்தப் பெண் ஓடி வந்தாள். அடுத்த பலகையில் 'தொடாதீர்கள்' என்று இருந்தது, மரியாதையாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அது 'தொடுங்கள்' என்று உங்கள் தங்கை வாசித்துக் காட்டினாள். உலகத்தில் எந்தப் பலகையாவது தொடுங்கள் என்று சொல்லுமா மச்சான்? பழக்கதோஷம், கண் தானாக அப்படிப் படித்துவிட்டது. பிறகு வழிகாட்டிப் பெண் என் கையில் எதையோ வைத்து, "இது என்ன மாதிரி இருக்கு ஐயா?" என்றாள். "மரப்பட்டை மாதிரி இருக்கு" என்றேன். மரப்பட்டைதானாம். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒன்று சொல்ல வேண்டும். ஓரிடத்தில் உங்கள் தங்கை ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கருகே வெகுநேரம் வைத்திருந்தாள். "ரெண்டு வருஷமா மாத்திர வாசனதாங்க" என்றாள். இவளை இத்தனை நாள் நாலு சுவருக்குள் வைத்திருந்தோமே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில், "தள்ளுங்க சார், நான்தான் இவளுக்குத் துணை" என்று நிலையத்து ஆளை விலக்கிவிட்டு நாற்காலியை நானே பிடித்துக்கொண்டேன். குளத்தோரம் ஒரு சிறிய சறுக்கல். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் சருகு மேல்தான் விழுந்தாள், மெத்தை மாதிரி இருந்ததாம். மணிக்கட்டில் லேசான வீக்கம். எல்லாரும் ஓடி வந்தபோது, "நான்தான் வேகமாத் தள்ளச் சொன்னேன், அவர யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். அவள் அப்படிச் சொன்ன பிறகு யார் என்ன சொல்ல முடியும்?

ஆகவே, நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம். அவளை அனுப்புவதாக இல்லை. இதற்காக இனி போன் பண்ண வேண்டாம். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியையும் பெரியவர்களுக்கு வணக்கத்தையும் வயதுக்குத் தக்கபடி பிரித்துக் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: இதுவரை உள்ளதை உங்கள் தங்கை வாசித்தாள், இரண்டு இடத்தில் சிரித்தாள், "சரி, ஒட்டிடுங்க" என்றாள். இப்போது சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள். இனி வருவது அவளுக்குத் தெரியாது. வரிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டில் இருப்பது வீக்கம் இல்லை மச்சான், எலும்பு முறிவு. அவளுக்கு மிச்சம் இருந்த அந்த ஒரு நல்ல கை. குளத்தோரம் மஞ்சள் பட்டை அடித்து, உள்ளங்கை அகலத்தில் 'நில்' என்று எழுதியிருந்ததாம். "நில்லுங்க, நில்லுங்க" என்று அவளும் கத்தினாள். கண் தெரிகிற மாதிரி காட்டிக்கொள்ள வேண்டும் என்ற வீம்பில் நான் நிற்கவில்லை. பாவி நான்.

சொட்டு மருந்தில் சரியாகிவிடும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கண் டாக்டர் போனது திரும்பாது என்று சொல்லி ஆறு மாதம் ஆகிறது. எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் மை கொட்டின மாதிரி இருக்கிறது, ஓரம்தான் தெரிகிறது. அவளை நேராகப் பார்த்தால் முகம் இல்லை. பக்கத்துச் சுவரைப் பார்த்தால் அவள் கன்னமும் காதும் கொஞ்சம் கிடைக்கிறது. அதனால் இப்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் அவளோடு பேசுகிறேன். "என் மேல என்ன கோபம் உங்களுக்கு?" என்று கேட்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வாருங்கள். என்னையும் கூப்பிடுவீர்கள், தெரியும். உங்கள் மருமகளுக்கு இருப்பது இரண்டு கைதான், இரண்டு பேரைத் தூக்க முடியாது. கை கூடுகிற வரை மட்டும் இருந்துவிட்டு வரட்டும் என்று அவளிடம் சொல்லுங்கள். அவள் கிளம்பும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வழியனுப்பக்கூட முகத்தைத் திருப்பவில்லையே என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். நீங்கள் தப்பாக நினைக்காதீர்கள், நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.