ஆண்டின் சிறந்த வழிகாட்டி

ஐரோப்பாவின் இளைய தலைமுறை இன்னும் முழுசாகக் கெட்டுப்போகாமல் இருக்கிறதென்றால், அதற்கு ஸ்வோல்லே நகரில் என்னைப் போன்ற சிலர் ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல் உழைப்பதே காரணம். நான் 'தோளோடு தோள்' சங்கத்தின் வழிகாட்டித் தொண்டன். சம்பளம் கிடையாது. காப்பியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் உண்டு.

என்னிடம் ஒப்படைக்கப்பட்டவள் ஃபென்னா. காப்பகத்தில் வளர்ந்தவள். பதினெட்டு முடிந்துவிட்டதால் அங்கிருந்து கிளம்பவேண்டும், போக இடமில்லை. 'எப்போது வேண்டுமானாலும் என்னிடம் வரலாம்' என்று முதல் சந்திப்பிலேயே அவளிடம் சொன்னேன். பயிற்சி வகுப்பில் அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள். அவள் அதை நம்பிவிடக்கூடும் என்று யாரும் எச்சரிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை, மாலை ஆறு மணிக்கு, அழைப்பு மணி அடித்தது. அந்த நேரத்தில் எங்கள் நாட்டில் எதிரிகூட மணியடிக்க மாட்டான். அது இரவுச் சாப்பாட்டு நேரம், உருளைக்கிழங்கு மேசைக்கு வந்துவிட்டிருக்கும். கதவைத் திறந்தால், மழையில் நனைந்தபடி ஃபென்னா.

"ரூத்கர், ஒரு ரூம் கிடைச்சிருக்கு. நாளைக்குக் காலையில வரச் சொல்றாங்க. பெரியவங்க யாராவது கூட வந்தாத்தான் தருவாங்களாம். நீங்க வர்றீங்களா?"

உள்ளேயிருந்து என் மனைவி மார்லூஸ் மெல்லிய குரலில், "இறைச்சி உருண்டை ரெண்டுதான் இருக்கு," என்றாள். வீட்டில் இரண்டு பேர், சட்டியில் இரண்டு உருண்டை. நாகரிகமான குடும்பங்களில் அப்படித்தான் சமைப்போம். ஆகவே ஃபென்னாவை வாசலிலேயே நிற்கவைத்து, டைரியை எடுத்துவந்தேன். மறுநாள் காலை வழிகாட்டிகள் கூட்டம். பொருள்: 'இளையோருக்கு நேரம் ஒதுக்குவோம்'. சிறப்புப் பேச்சாளர் நான். அடுத்த வாரம் செவ்வாயும் நிரம்பியிருந்தது. அதற்கடுத்த செவ்வாயை மனமுவந்து கொடுத்தேன்.

"அதுக்குள்ள ரூம் போயிடும்," என்றாள்.

"ஏமாற்றமும் ஒரு பாடம்தாம்மா," என்றேன். அதையே மறுநாள் கூட்டத்தில் சொன்னபோது பலர் குறித்துக்கொண்டார்கள்.

அறை வேறு யாருக்கோ போயிற்று. ஃபென்னா ஒரு தோழி வீட்டு சோபாவுக்குப் போனாள். பிறகு அவள் என் வீட்டுப் பக்கமே வரவில்லை. 'சொந்தக் காலில் நிற்கிறாள்' என்று சங்கத்தில் பூரிப்போடு தெரிவித்தேன். அவர்களும் பூரித்துப்போய், என்னை ஆண்டின் சிறந்த வழிகாட்டியாகத் தேர்ந்தெடுத்தார்கள். பாராட்டு விழாவில் ஃபென்னாவையும் பேச அழைத்தார்கள்.

அவள் மைக் முன்னால் வந்து, என்னைக் கைகாட்டினாள்.

"இவர்கிட்ட ஒண்ணு நல்லாக் கத்துக்கிட்டேன். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்கக் கூடாது."

'ஆகா, என்ன தன்னம்பிக்கை' என்று அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவன் நான்தான்.