கொடிக்கயிறு பார்த்துக் குறி சொன்னவர்

பந்து உதைக்கிறவர்கள் ஒரு வகை. உதைப்பதைப் பார்த்துக் கத்துகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று உண்டு. பந்துக்குக் காற்று அடிப்பதற்கு முன்பே கோப்பையை யாரிடமாவது தூக்கிக் கொடுத்துவிட்டு, மீதமுள்ள அணிகளுக்கு ஆறுதலும் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் அவர்கள். இவர்களை நீங்கள் தேநீர்க்கடையில் பார்க்கலாம், டிராம் வண்டியில் பார்க்கலாம், கோயில் வாசலில் செருப்பைத் தேடும்போது பார்க்கலாம். ஆட்டம் நடக்கும் திடலில் மட்டும் பார்க்க முடியாது. அங்கே அவர்களுக்கு என்ன வேலை? முடிவு தெரிந்ததுதானே?

இந்த வகையில் பழுதில்லாத ஓர் உருப்படி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் ஆண்டில் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் காதர் மைதீனின் தேநீர்க்கடை பெஞ்சில் மாலை ஐந்தரை மணிக்கு உட்கார்ந்திருந்தது. பெயர் பேரின்பநாயகம். யாழ்ப்பாணத்தில் சீனியர் பரீட்சை தேறி, கப்பலேறி வந்து, அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தார். அவர் குடும்பத்தில் முதன்முதலில் இங்கிலீஷ் படித்தவர் அவர்தான். அந்தத் தெருவில் கையில் இங்கிலீஷ் பத்திரிகையோடு நடந்தவரும் அவர் ஒருவர்தான். பத்திரிகை எப்போதும் நான்காக மடித்தபடி கக்கத்தில் இருக்கும். மடிப்பு பிரிந்ததை யாரும் பார்த்ததில்லை.

ஆறு பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்கள் ஆளுக்கொரு காற்பந்து அணி வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் பங்குனியில் தொடங்கி ஒருவரோடு ஒருவர் மோதுவார்கள். சிராங்கூன் சாலைக்காரர்களுக்கு மஞ்சள் சட்டை. குன்றுப் பள்ளிக்காரர்களுக்குச் சிவப்பு. இப்படி ஆறு நிறம். பங்குனி வரை பொறுக்க முடியாதவர்களுக்காகத் தை மாதத்திலேயே பேரின்பநாயகம் தம் ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார்.

அதற்கு ஒரு முறை உண்டு. பெஞ்சைக் கைக்குட்டையால் தட்டுவார். உட்காருவார். குடையை இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்துவார். கேட்டவுடன் பேசமாட்டார். இரண்டாம் முறை கேட்டால் பெருமூச்சு விடுவார். மூன்றாம் முறை கேட்கவேண்டும்.

"என்ன கிராணியாரே, இந்த வருசம் எப்படி?" என்று மூன்றாம் முறையாகக் கேட்டார் காதர் மைதீன்.

"என்னத்தைச் சொல்ல? கடற்கரைப் பள்ளிக்காரர் முன்பாதியிலை நல்லா ஆடுவினம். பின்பாதியிலை களைச்சுப்போவினம். களைக்காட்டி வெல்லுவினம்."

"களைப்பாங்களா, களைக்கமாட்டாங்களா?"

"அதைத்தான் பார்க்கவேணும் காணும்."

பெஞ்சில் இருந்த பத்துப்பேரும் தலையாட்டினார்கள். ஏன் ஆட்டினார்கள் என்று கேட்காதீர்கள். படித்தவர் ஒருவர் இவ்வளவு நிதானமாகச் சொன்னால் நீங்களும் ஆட்டியிருப்பீர்கள்.

"உங்களுக்கு யாரு சொல்றாங்க இதெல்லாம்?" என்று யாராவது கேட்டால் பேரின்பநாயகம் கண்ணை மூடிக்கொள்வார்.

"நம்பத்தகுந்த இடம்" என்பார். அதோடு சரி.

அந்த நம்பத்தகுந்த இடம், டோபி காட் என்ற பகுதியில் சலவைக்காரர்கள் துணி உலர்த்தும் புல்தரை. பருவம் தொடங்குமுன் ஆறு அணிகளும் பெட்டியில் கிடந்த பழைய சட்டைகளை வெளுக்கப் போடுவது வழக்கம். ஆறு அணிகளின் சட்டைகளும் போய்ச் சேருவது துரைசாமி என்ற ஒரே சலவைக்காரரிடம். மூன்று ஆண்டுகளுக்கு முன் தைப்பூச ஊர்வலம் பார்த்துவிட்டு வெயிலுக்கு ஒதுங்கிய பேரின்பநாயகம், வேலிக்கு அந்தப் பக்கம் அறுபத்தாறு சட்டைகள் கொடிக்கயிற்றில் ஆடுவதைக் கண்டார். அன்று பிறந்தது ஞானம். வெள்ளாவியில் சட்டை சுருங்கியிருந்தால், அந்த அணி சின்னப் பையன்களைச் சேர்த்திருக்கிறது. கழுத்து கிழிந்திருந்தால் அணிக்குள் ஒற்றுமை இல்லை. பொத்தான் விழுந்திருந்தால் பயிற்சி போதாது. ஆட்டக்காரர்களில் ஒருவர்கூடத் திடலில் ஆடுவதை அவர் கண்டதில்லை. அவர்களுடைய அக்குள் தையல் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும்.

அந்த ஆண்டு தைப்பூசம் முடிந்த வாரத்திலும் போனார். வேலியோரம் நின்று குடை நுனியால் எண்ணினார். நீலம் பதினொன்று. பச்சை பதினொன்று. மஞ்சள் பத்து. மறுபடி எண்ணினார். பத்துதான். அடுத்த கயிற்றில் சிவப்பு. பதினொன்று இருக்கவேண்டிய இடத்தில் பன்னிரண்டு. பன்னிரண்டாவது சட்டை மற்றவற்றைவிட நீளம், தோளும் அகலம். சிராங்கூன் சாலையில் அவ்வளவு பெரிய தோள் யாருக்கு உண்டு? கோல் காக்கும் ஹனீபாவுக்கு. மஞ்சளில் ஒன்று குறைவு, சிவப்பில் ஒன்று அதிகம். இனி என்ன வேண்டும்? வீடு திரும்பும்போது டிராம் வண்டியில் அவருக்கு இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

மறுநாள் பெஞ்சில் சொன்னார். மூன்றாம் முறை கேட்கும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"ஹனீபா சிவப்புக்குப் போறான். மஞ்சளுக்கு இந்த முறை கடைசி இடம்."

"ஹனீபாவா? நேத்துக்கூட இங்க தேத்தண்ணி குடிச்சானே, ஒண்ணும் சொல்லலியே" என்றார் காதர் மைதீன்.

"சொல்லிப்போட்டோ போவினம்?"

இப்போது அந்த ஹனீபாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஆற்றோர அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மேஸ்திரியிடம் கெஞ்சி அரைநாள் விடுப்பு வாங்கி வருவான். மஞ்சள் அணியின் காரியதரிசி தில்லையம்பலம் வேறோர் அலுவலகத்தில் பெரிய கிராணி. அங்கே ஒரு பியூன் வேலை காலியாக இருந்தது. நிழலில் வேலை, சனிக்கிழமை மதியத்தோடு விடுதலை, முதுகு வளையவேண்டியதில்லை. "இந்த வருஷமும் எங்கடை கோலிலை நில்லும், அந்த வேலை உமக்குத்தான்" என்று தில்லையம்பலம் வாக்குக் கொடுத்திருந்தார். ஹனீபாவின் மனைவி நூருன்னிசா அந்த வேலைக்கு ஏற்றாற்போல் ஒரு வெள்ளைக் கோட்டுக்கூடத் தைக்கத் தொடங்கியிருந்தாள்.

செய்தி இரண்டே நாளில் தில்லையம்பலத்தின் காதுக்குப் போனது. பேரின்பநாயகம் ஆதாரம் இல்லாமல் பேசமாட்டார் என்பது அவர் நம்பிக்கை. என்ன ஆதாரம் என்று அவர் கேட்கவில்லை. படித்தவரைப் படித்தவர் அப்படிக் கேட்பது மரியாதையா?

அடுத்த சனிக்கிழமை பேரின்பநாயகம் மறுபடியும் வேலியோரம் நின்றார். ஊகம் ஊர்ச்செய்தியாகிவிட்ட பிறகும் அதைத் திரும்பப் போய்ப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. துரைசாமி ஈரத்துணியை உதறிக்கொண்டு வந்தார்.

"ஐயா, மூணு வருசமா நிக்கிறீங்க. சட்டை ஏதும் காணாமப் போச்சுங்களா?"

"இல்லை, இல்லை. அந்தப் பன்னிரண்டாவது சிவப்புச் சட்டை ஆருடையது?"

"அதுவா? ஹனீபா தம்பியோடது. பழைய மஞ்சச் சட்டைதான். வீட்டுல சிவப்புச் சாயம் ஏத்திட்டு, ஒட்டுற சாயத்தை அலசிக் குடுன்னு கொண்டாந்தாரு. கோல்ல நிக்கிறவரு இனிமே கூட ஆடுறவங்க போடாத கலரு போடணும்னு சீமையில சட்டம் வந்திருக்காம். மத்த அணியில கோல்ல நிக்கிறவங்க இனிமேத்தான் தைக்கப் போறாங்களாம், தம்பி முந்திக்கிட்டாரு. பந்தடிக்கிற அத்தனை பேருக்கும் தெரியுமே. ஐயாவுக்குத் தெரியாதா?"

அந்தச் செய்தி போன மாதமே பத்திரிகையில் வந்திருந்தது. பேரின்பநாயகத்தின் கக்கத்தில், மடிப்புக்கு உள்பக்கத்தில்.

"தெரியும்" என்றார்.

பாருங்கள், எவ்வளவு சின்னச் சொல். இதற்கு எதிரான சொல்லும் சின்னதுதான், நாலே எழுத்து. ஆனால் ஊரில் முதலில் படித்தவனாகிவிட்ட ஒருவன் வாயில் அது நுழைவதில்லை. கிணறு வெட்டுவதிலிருந்து கிரகணம் வரை அவனைக் கேட்டுக்கேட்டு, ஊரே அந்தச் சொல்லை அவனிடமிருந்து பிடுங்கிவிடுகிறது. அவனும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுகிறான்.

தில்லையம்பலத்தின் வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை. பேரின்பநாயகம் அந்தப் பக்கம் திரும்பத்தான் செய்தார். பத்தடி நடந்தபின் யோசனை வந்தது. என்னவென்று சொல்வது? கயிற்றில் சட்டையை எண்ணினேன் என்றா? மூன்று வருஷமாக வேலியோரம் நின்று ஊரார் துணியை எண்ணுகிறேன் என்றா? மேலும், ஹனீபா இன்று போகவில்லை என்றால் நாளைக்கும் போகமாட்டான் என்று யார் கண்டது? பத்தடியும் நடந்து முடிப்பதற்குள், தாம் சொன்னதில் அடிப்படையில் ஏதோ உண்மை இருக்கத்தான் வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. டிராம் ஏறி வழக்கம்போல் காதர் மைதீன் கடைக்கு வந்தார்.

ஹனீபா அங்கே காத்துக்கொண்டிருந்தான். தோளில் அரிசித் தவிடு.

"ஐயா, நான் சிவப்புக்குப் போறேன்னு நீங்க சொன்னீங்களாம். செக்ரட்டரி ஐயா என்னை நின்னுகூடப் பார்க்கமாட்டேங்கிறாரு."

"நான் உம்மைப் பிழை சொல்லேல்லைத் தம்பி."

"பிழை சொல்லுங்க, பரவாயில்ல. இவன் போகலன்னு ஒரு வார்த்தை அவருகிட்ட சொல்லிடுங்க. திங்கக்கிழமை மஞ்சளுக்குப் பேரு எழுதிக் குடுக்கறாங்க. அதுல என் பேரு இல்லன்னா அந்தப் பியூன் வேலையும் போச்சு."

"சொல்லிடுங்க கிராணியாரே. ஒரு வார்த்தைதானே" என்றார் காதர் மைதீன், கையில் ஆற்றிய தேநீரோடு.

பேரின்பநாயகம் பெஞ்சைப் பார்த்தார். பத்து முகங்கள். பத்துக் கோப்பைகள் பாதிவழியில் நின்றன. ஹனீபாவின் முகத்தைவிட அந்தப் பத்து முகங்களும் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தன. கைக்குட்டையை எடுத்துப் பெஞ்சைத் தட்டினார்.

"இண்டைக்குப் போகாமல் இருக்கலாம். பருவம் நீளம் தம்பி."

"நான் எங்க போவேன்னு எனக்குத் தெரியாதா ஐயா?"

"சில சங்கதி வெளியிலை நிக்கிறவனுக்குத்தான் தெரியும்."

பெஞ்சில் ஒருவர் மெல்லத் தலையாட்டினார். அவரைப் பார்த்து இன்னொருவர். ஹனீபா பத்துப்பேரையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் குடிக்காமல் போனான்.

திங்கட்கிழமை மஞ்சள் அணியின் பட்டியலில் கோலுக்கு வேறு ஒருவன் பெயர் இருந்தது. அவனுக்கு இப்ராஹீம் என்று பெயர். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் உள்ளவன். பியூன் வேலையும் அவனுக்கே போனது.

செவ்வாய்க்கிழமை குன்றுப் பள்ளிக்காரர்கள் இருவர் அரிசிக் கிடங்குக்கு வந்தார்கள்.

"நீ எங்க பக்கம் வர்றேன்னு ஊரே சொல்லுதே. எங்ககிட்ட மட்டும் சொல்லலியே" என்றார் ஒருவர்.

ஹனீபா முதுகில் இருந்த மூட்டையை இறக்கவில்லை. சுமையோடு நின்றபடியே கேட்டான்.

"வேலை ஏதும் இருக்கா உங்ககிட்ட?"

"வேலை இல்ல. கோல் இருக்கு."

"சரி, அதையாவது குடுங்க" என்றான்.

சிவப்பு அணியின் கோலில் சிவப்புச் சட்டை போடக்கூடாது. அதுதானே புதுச் சட்டம். நூருன்னிசா சிவப்பின்மேல் நீலச் சாயத்தை ஏற்றினாள். சட்டை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. தைத்துக்கொண்டிருந்த வெள்ளைக் கோட்டைப் பிரித்துத் தலையணை உறையாக்கினாள்.

அந்தப் பருவத்தில் குன்றுப் பள்ளிக்காரர்கள் கோப்பையை வாங்கினார்கள். மஞ்சள் அணி அவர்களிடம் மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்று, மற்றவர்களிடமும் தோற்று, ஆறாவது இடத்தைப் பிடித்தது. இப்ராஹீம் இருபத்தேழு பந்துகளை உள்ளே விட்டான். பியூன் வேலைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

பேரின்பநாயகம் ஓர் ஆட்டத்துக்கும் போகவில்லை. கடைசி ஆட்டம் முடிந்த மாலை பெஞ்சில் அவருக்கு நடு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

"நான் தையிலையே சொன்னனான்" என்றார். "ஹனீபா சிவப்பு. மஞ்சள் கடைசி. சொன்னனானோ இல்லையோ?"

சொன்னார்தான். யார் மறுக்க முடியும்? காதர் மைதீன் தேநீரைக் கொண்டுவந்து, வழக்கம்போல் கையில் கொடுக்காமல் பெஞ்சில் வைத்தார். கடைக்கு வெளுத்த துணி கொண்டுவந்திருந்த துரைசாமி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"ஆமாங்க. ஐயாவுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மூட்டையை இறக்கினார்.

பேரின்பநாயகம் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். தேநீர் சூடு என்று நினைத்துக்கொண்டார்.

மறு ஆண்டு தைப்பூசம் கழிந்த வாரம், துரைசாமி ஆறு அணிகளின் சட்டைகளையும் நிறம் பார்க்காமல் கலந்து, இடையிடையே துரைமார் வீட்டு மேசைவிரிப்புகளையும் சேர்த்துக் காயப்போட்டார். பேரின்பநாயகம் வேலியோரம் ஒரு மணி நேரம் நின்றார். மறுநாள் பெஞ்சில் சொன்னார்: "இந்த முறை எல்லா அணியும் கலைஞ்சு போச்சு. ஒருத்தரும் பழைய இடத்திலை இல்லை." பத்துப்பேரும் தலையாட்டினார்கள். ஆற்றோரக் கிடங்கில் ஹனீபா மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். ஆனால் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. மஞ்சளில் பத்து, சிவப்பில் பன்னிரண்டு என்று படித்த இடத்திலேயே, ‘கடைசியில் அவன் சிவப்புக்குத்தான் போகப்போகிறான், எனக்கு அப்போதே தெரியும்’ என்று உங்களுக்குத் தோன்றியதா? பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லவும் வாய் திறந்தீர்களா? அப்படியானால் உங்கள் கக்கத்தில் மடித்த பத்திரிகை ஏதாவது இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இருந்தால் பிரித்து உள்பக்கத்தைப் படியுங்கள். இன்று சனிக்கிழமை. போன வாரம் யாரைப் பற்றியோ ஏதோ சொன்னீர்களே, அவர்களுடைய பட்டியலுக்குத் திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறது.