மேல் பட்டனில் நின்றவர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே மனித மனத்தைக் கரைத்துக் குடித்தவர் ஒருவர்தான்: எங்கள் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பின் ‘நம்பர் ஒன்’. அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

“ஜனம் யோசிக்காது நைனா. மொதல்ல இன்னா கீதோ அதத்தான் தொடும்” என்பது அவர் சித்தாந்தம். நம்பாதவர்களுக்காக ஒருநாள் கேன்டீன் போர்டில் உப்புமாவை முதல் வரியில் எழுதவைத்தார். இனாமாகக் கொடுத்தாலும் நாங்கள் தொடாத உப்புமா, ஐயோ, முதல் ஷிப்டிலேயே காலி! பொங்கல் சீந்துவாரின்றிக் கிடந்தது.

“பாத்தியா? ஓட்டும் இதேதான்!”

கேன்டீன் கமிட்டித் தேர்தலில் அவர் நின்றதற்குக் காரணம் இருந்தது. கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கேன்டீனுக்குள் இடம் கிடையாது. வெயிலோ மழையோ, சைக்கிள் ஸ்டாண்டில் குந்தித்தான் கட்டுச்சோற்றைப் பிரிக்க வேண்டும். ஓட்டும் கிடையாது. “ஜெயிச்சா மொத வேலையே அவங்கள உள்ள கூப்ட்டு பெஞ்சுல குந்த வெக்கிறதுதான்” என்றார்.

மனு கொடுத்த வரிசையில்தான் பெயர் வரும் என்றார்கள். மனுஷன் விடியும் முன்பே நாஷ்டா டப்பாவோடு ஆபீஸ் வாசலில் ஆஜர். முதலிடம் கிடைத்தது. மற்றவர்கள் ஷிப்டு ஷிப்டாகக் கும்பிட்டுத் திரிந்தபோது இவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

“ஓட்டு கேக்க வரலியாண்ணே?”

“அது பேஜாரு புடிச்ச வேல. மேல பேரு வந்துச்சில்ல, போதும்.”

ஓட்டுப் போட எலக்ட்ரிகல் ஆட்கள் ஒரு பெட்டி செய்தார்கள். ஸ்டோரில் கிடந்த மெஷின் பட்டன்கள் மேலிருந்து கீழாக நான்கு, பக்கத்தில் பெயர்கள்.

அங்கேதான் சனி பிடித்தது. எங்கள் மெஷின் எல்லாவற்றிலும் மேல் பட்டன் எமர்ஜென்சி ஸ்டாப். சும்மா அமுக்கினால் லைனே நின்றுவிடும். கையோடு மெமோ வரும். வருஷக்கணக்காகப் பயந்த விரல் அன்றைக்கு மட்டும் மேலே போகுமா? ஸ்டார்ட் பட்டன் இருக்கும் இரண்டாம் இடத்துக்கே போனது. அங்கே இருந்தவர், கேன்டீன் நடத்துபவரின் மச்சான், மாலை கனம் தாங்காமல் திணறினார்.

நம்பர் ஒன்னுக்கு ஒரே ஓட்டு.

“உங்க ஓட்டாவது உங்களுக்கு வுழுந்துச்சேண்ணே” என்று தேற்றினேன்.

“இல்ல நைனா. என் கையும் ரெண்டாவதுக்குத்தான் பூட்ச்சி.”

அந்த ஒரு ஓட்டு, டைம் ஆபீஸ் நாற்காலியைத் தவிர எந்த மெஷினையும் தொட்டறியாத அடியேனுடையது. தெரிந்தேதான் அப்படித் தேற்றிப் பார்த்தேன்.

மறுநாள் மதியம் வழக்கம்போல் வரிசையில் முதல் ஆளாக நின்று சோறு வாங்கினார். பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை. தட்டோடு நேராக சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய், கான்ட்ராக்ட் ஆட்கள் நடுவே குந்திவிட்டார். வரிசையில் அடுத்து நின்ற நானும் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அந்த மனுஷனுக்குப் பின்னால் இரண்டாவது ஆளாக நிற்பதென்றால் இன்றைக்கும் எனக்குச் சம்மதம்தான்.